சலவை வண்டியின் புகைச் சீட்டு

எங்கள் வீட்டில் உறை இல்லாத பொருள் ஒன்றை யாராவது சுட்டிக்காட்டினால், சாயங்காலத்துக்குள் அதற்கும் உறை வந்துவிடும். ரேடியோவுக்கு உறை உண்டு. சுவர்க் கடிகாரத்துக்கு, முள் தெரிகிற மாதிரி நடுவில் வட்டமாக வெட்டிய உறை. குடைக்குக் கடைக்காரர் கொடுத்த உறையின் மேல் இன்னோர் உறை. அளவெடுப்பது என் தம்பி, தைப்பது நான். எதற்கு என்று நான் கேட்பதில்லை. நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து, “அக்கா, பதினாலுக்குப் பத்து, வாய்க்கு எலாஸ்டிக்” என்பான். தைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

இந்தக் குணம் அவனுக்கு எங்கள் சின்னச் சித்தி வழியில் வந்தது. அம்மாவின் கடைசித் தங்கை. சாமான் சுற்றி வந்த காகிதத்தைக்கூட நீவி மடித்து மெத்தைக்கடியில் வைப்பாள். ஒருமுறை சித்தப்பா கோபித்துக்கொண்டு வெளியூர் கிளம்பியபோது அழுதுகொண்டே அவருடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினாளாம். அந்த அடுக்கைக் கலைக்க மனசு வராமல் மனிதர் வீட்டிலேயே இருந்துவிட்டார் என்று எங்கள் பெரியப்பா சொல்வார். பெரியப்பா சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். எந்தப் பாதி என்பதுதான் கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

தம்பி மூன்று பெண்களுக்குப் பின் பிறந்தவன். நான் மூத்தவள், அவனைவிட எட்டு வயது பெரியவள். பதினாறு வயதில் ஒரு பெரிய ஹோட்டலின் துணி அறையில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கேதான் அவனுக்கு ‘மடிப்பு’ என்று பெயர் விழுந்தது. மேலாளர் அவசரமாகக் கேட்ட கால்சட்டையின் உள்பைகளை வெளியே இழுத்துப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தானாம்.

“உள்ள இருக்கறத யாருப்பா பாக்கப் போறாங்க?” என்று மேலாளர் கத்தியிருக்கிறார்.

“கைய விடும்போது உங்களுக்குத் தெரியுமே சார்” என்றானாம் இவன்.

பிறகு சொந்தமாகச் சலவைக்கூடம் வைத்தான். துவைக்கும் இயந்திரம் இரண்டு, உலர்த்தும் இயந்திரம் ஒன்று, ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற நீளத்துக்கு ஒரு தேய்ப்பு மேசை. முன்பக்கம் நான் உட்கார்ந்து ஒவ்வொரு துணிக்கும் நீல நூலில் அடையாள எண் தைப்பேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். எங்கள் வீட்டுத் துணிக்குப் பூஜ்யம். பின்முற்றத்தில் பெரியவர் நிற்பார்.

பெரியவர் என்பது ஆளில்லை, எங்கள் வேன். வாங்கும்போதே ஒரு கை மாறி வந்த டீசல் வண்டி, இப்போது வயது இருபத்திரண்டு. முன்பக்கம் மூன்று பேர் உட்காரலாம், பின்பக்கம் முழுக்கத் துணி மூட்டை. காலையில் உறுமி, இருமி, ஒரு குலுக்குக் குலுக்கிய பிறகுதான் எழுந்திருப்பார். அதனால் மரியாதையாக அந்தப் பெயர்.

அவரை ஓட்டுவது தம்பி பெண்டாட்டி. அவள் எங்கள் கடைக்குத் துணி மடிக்க வந்தவள். முதலில் இருந்த டிரைவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். முதியோர் இல்லத்துக்கு நாற்பது படுக்கை விரிப்பு போக வேண்டும். எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம். இவள் மடித்துக்கொண்டிருந்த போர்வையைக் கீழே வைத்துவிட்டு, “சாவி எங்க?” என்றாள். ஓட்டத் தெரியுமா என்று தம்பி கேட்டதற்கு, “எங்க அண்ணன் ஓட்டறதப் பக்கத்துல உக்காந்து ஏழு வருஷம் பாத்திருக்கேன்” என்றாள். முறையாகக் கற்றுக்கொண்டு உரிமம் வாங்கியதெல்லாம் அப்புறம். அடுத்த வருஷம் கல்யாணம். கல்யாணப் பேச்சுக்கு வந்த அந்த அண்ணன் முதலில் போய்ப் பார்த்தது மாப்பிள்ளையை அல்ல, வேனின் டயரை.

ஆள் குள்ளம். இரண்டு மெத்தை போட்டு உட்கார்ந்தால்தான் ஸ்டியரிங்குக்கு மேலே தலை தெரியும். கால் எட்டுவதற்கு மிதிகளின் மேல் மரக்கட்டை வைத்துத் திருகியிருக்கிறது. தெருவில் எல்லாரும் அவளைப் பைலட் என்பார்கள். முதியோர் இல்லத்துக் கிழவர்கள் காலை ஏழரைக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், பைலட் ஒரே திருப்பில் வண்டியைப் பின்னால் எடுத்துக் கதவருகே நிறுத்துவதைப் பார்க்க. பத்தொன்பது வருஷமாக ஒருநாளும் இரண்டாவது திருப்புத் திருப்பியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. இருபது வயது தாண்டிய வண்டிகளெல்லாம் புகைச் சோதனையில் தேற வேண்டும். ஒரு மாதத்துக்குள் மூன்று வாய்ப்பு. மூன்றாவதிலும் தேறாவிட்டால் நம்பர் பலகையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

தம்பி கடிதத்தைப் படித்துவிட்டு மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

“வேற வண்டி பாக்கலாம்” என்றான், அது ஆகிற காரியமில்லை என்று தெரிந்துகொண்டே.

“வேற வண்டியில எனக்குக் கால் எட்டாது” என்றாள் பைலட். “பெரியவர் போனா நானும் டேபிள்ல நின்னு தலகாணி உறை மடிக்க வேண்டியதுதான்.”

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்குச் சாப்பிட்ட தட்டை இரண்டு தடவை கழுவினாள். நாலு சுவருக்குள் நிற்க முடியாத பெண் அவள். மழைக்காலத்தில் சாலை மூடிய நான்கு நாளில் எங்கள் எல்லாரையும் ஒரு வழி பண்ணிவிட்டாள்.

முதல் சோதனைக்கு அவளும் நானும் போனோம். காகிதங்களைப் பிடித்துக்கொள்ள நான். பெரிய தகரக் கொட்டகை, தரையில் மஞ்சள் கோடு, கோட்டின் மேல் வரிசையாக வண்டிகள். காதுக்கு மூடி போட்ட ஒரு பெண் அதிகாரி. சைலன்சருக்குள் ஒரு குழாயைச் செருகிவிட்டு, “அழுத்துங்க, முழுசா” என்பார். வண்டி அலறும். “விடுங்க” என்பார். இப்படிப் பல தடவை. திரையில் எண் வரும். ஐம்பதுக்குள் இருக்க வேண்டும்.

பெரியவருக்கு எழுபத்தொன்று.

“வயசாயிடுச்சும்மா” என்றார் அதிகாரி, கொஞ்சம் இரக்கத்தோடு.

“எனக்குந்தான்” என்றாள் பைலட்.

மறுநாளே வண்டி மெக்கானிக்கிடம் போனது. அவருக்கு எங்கள் தெருவில் அரைமணி என்று பெயர். எந்த வேலையானாலும் “அரைமணியில முடிச்சுடலாம்” என்பார், மூன்று நாளாகும். ஆனால் கைசுத்தம், வாய்தான் அப்படி. அவர் பெரியவரை ஸ்டார்ட் பண்ணி, மிதியை அழுத்தி, பின்னால் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்தார். துணியில் லேசாக ஒரு சாம்பல் நிறம், அவ்வளவுதான்.

“எழுபத்தொண்ணா? இதுக்கா? உங்க மாமியார் வீட்டு அடுப்பு இதவிடப் புகையும்.”

“எனக்கு மாமியார் இல்ல. அண்ணிதான் இருக்காங்க” என்று என்னைக் காட்டினாள்.

“அப்ப அவங்க கோபம் இதவிடப் புகையும்.”

இருந்தாலும் இன்ஜினுக்குள் டீசல் தெளிக்கிற இன்ஜெக்டர்களைக் கழற்றித் துடைத்தார், எண்ணெய் மாற்றினார். ஏர் ஃபில்டரைத் திறந்து, “இது நான் ரெண்டு மாசம் முந்தி மாத்தினது, புதுசு மாதிரியே இருக்கே” என்று சந்தோஷப்பட்டார். இன்ஜினுக்குள் போகிற காற்றிலிருந்து தூசியைப் பிடித்து வைக்கிற பெட்டி அது. எங்கள் கடை முற்றத்தில் பறக்கிற பஞ்செல்லாம் அதில்தான் போய் அடைகிறது என்று முன்பொரு நாள் தம்பியைக் கடிந்துகொண்டவரும் அவர்தான்.

இரண்டாவது தடவை நம்பிக்கையோடு போனோம். போகிற வழியில் மேட்டில் ஏறும்போது பெரியவருக்கு மூச்சு வாங்கியது. பைலட் கியரைக் குறைத்து, ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்து, “இன்னும் கொஞ்ச தூரந்தான், வாங்க, வாங்க” என்று பேசிக்கொண்டே ஏற்றினாள். கொட்டகையில் மிதியை அழுத்தியதும் பின்னாலிருந்து கிளம்பியது பாருங்கள், கன்னங்கரேலென்று ஒரு புகை! பின் வரிசையில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

எண்பத்தெட்டு.

வீட்டுக்கு வந்து முற்றத்தில் நிறுத்திய பிறகும் அவள் இறங்கவில்லை. “அண்ணி, நான் கியர் மாத்தறது சரியில்லையோ? மெதுவாவே ஓட்டி ஓட்டி அவர நான்தான் கெடுத்துட்டேனோ?” என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? “நீ ஓட்டலைன்னா அவர் பத்து வருஷம் முந்தியே போயிருப்பார்” என்றேன்.

தம்பி அவளுக்கு டீ போட்டுக் கொண்டுவந்து வண்டி ஜன்னல் வழியே கொடுத்தான். தம்ளருக்கு உறை இல்லை. அவன் எவ்வளவு கலங்கியிருந்தான் என்பதற்கு அதுவே சாட்சி.

மறுபடி அரைமணியிடம் போனால், மறுபடி புகையே இல்லை. அந்த மனிதர் வெள்ளைத் துணியைப் பார்க்கிறார், பெரியவரைப் பார்க்கிறார், எங்களைப் பார்க்கிறார். “என் முன்னாடி நல்ல பிள்ளையா இருக்கார், அங்க போனா மானத்த வாங்கறார். மூணாவது தடவைக்கு நானும் வர்றேன். வழியில என்னதான் பண்றார்னு பாக்கறேன்.”

கடைசி வாய்ப்பு. நாலு பேரும் கிளம்பினோம். முன்னால் பைலட், நடுவில் நான், ஓரத்தில் அரைமணி. தம்பி பின்பக்கம், அன்றைக்குக் கொடுக்க வேண்டிய மூட்டைகளுக்கு நடுவில், தேய்த்த சட்டை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வழியில் சாலை போடுகிறார்கள், ஒரே புழுதி. மேடு வந்தது. பெரியவர் திணறினார். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கறுப்பாக வருகிறது.

“நேத்து என் கடையில இது இல்ல” என்றார் அரைமணி. குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. “நிறுத்தாதீங்க. வரிசையில போய் நில்லுங்க, பானெட்டத் திறந்து பாத்துடறேன்.”

வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு வண்டி. அரைமணி இறங்கி பானெட்டில் கை வைத்தார். பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. தம்பி குதித்து ஓடிவந்தான்.

“ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். நீங்க பாக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு எடுத்துக்கறேன்.”

“எத எடுக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல. புழுதியில அழுக்காயிருக்கும். அப்படியே காட்டக் கூடாது.”

பானெட்டைத் தூக்கி, ஏர் ஃபில்டர் பெட்டியின் கொக்கிகளை அவனே பழகிய கையாகத் திறந்தான். உள்ளே ஃபில்டருக்கு மேல் ஒரு வெள்ளை உறை. பழைய தலையணை உறையை வெட்டித் தைத்தது. பதினாலுக்குப் பத்து, வாய்க்கு எலாஸ்டிக். ஓரத்தில் நீல நூலில் பூஜ்யம். என் தையல்!

அவன் அதை உருவிச் சட்டைப்பைக்குள் வைக்கப் பார்த்தான். வைக்க முடியவில்லை. அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது.

“என்ன அது?” என்றார் அரைமணி.

“உறை.”

“உறைன்னு தெரியுது. ஏன் இப்படி நிக்குது?”

“கஞ்சி போட்டிருக்கேன்” என்றான் தம்பி. “பெரிய இடத்துக்குப் போறாரேன்னு இன்னிக்குக் கொஞ்சம் கெட்டியாவே போட்டேன்.”

அரைமணி உறையைச் சுட்டிக் காட்டினார். “அப்ப என் கடைக்கு வந்தப்பெல்லாம் இது எங்க இருந்துச்சு?”

“துவைக்கப் போட்டிருந்தேன். அழுக்குத் துணியோட அடுத்தவங்க முன்னாடி எப்படி அனுப்பறது? நீங்கதான அன்னிக்குச் சொன்னீங்க, பஞ்சு அடையுது, ஃபில்டரச் சுத்தமா வெச்சுக்கங்கன்னு.”

முன்னால் ஒரு வண்டி நகர்ந்தது. பைலட் இறங்கி வந்து நின்றாள். அந்த உறையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

அரைமணி உறையை வாங்கித் தட்டிப் பார்த்தார், டொக் டொக்கென்றது. திருப்பி அவன் கையிலேயே கொடுத்தார். “மடிப்பு சார், ஒண்ணு பண்ணுங்க. இத மூக்கோட வாயோட இறுக்கமாக் கட்டிக்கிட்டு, அதோ அந்த ஆபீஸ் மாடிப்படி ஏறி இறங்கி வாங்க.”

கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் என் தம்பிக்குக் கேலி புரியாது, சின்ன வயதிலிருந்தே. உறையை முகத்தில் மாட்டிக்கொண்டான், எலாஸ்டிக் காதைத் தாண்டிப் பின்மண்டை வரை போனது. விறுவிறுவென்று படியேறினான். வரிசையில் நின்றவர்களெல்லாம் வண்டியை விட்டு இறங்கிப் பார்க்கிறார்கள். ஒன்பதாவது படியில் நின்றான். பத்தாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். உறையைக் கழற்றிவிட்டு, மூச்சு இரைக்க இரைக்க, மெதுவாக இறங்கி வந்தான்.

நேரே எங்களிடம் வரவில்லை. பெரியவர் முன்னால் போய் நின்றான். முன்விளக்கின் மேல் கையை வைத்தான். கர்ச்சீப்பை எடுத்து அந்த விளக்கைத் துடைத்தான். அடுத்த விளக்கையும் துடைத்தான்.

“ஒரு மாசமா நான் என்னையே திட்டிக்கிட்டிருந்தேங்க” என்றாள் பைலட்.

“நல்லதுன்னு நினைச்சு…”

“தெரியும். அதனாலதான் கோபம் வர மாட்டேங்குது. வந்தா நல்லா இருக்கும், வர மாட்டேங்குது.”

“அடுத்த வண்டி!” என்று காது மூடிக்காரப் பெண் கூப்பிட்டார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள், இரண்டு மெத்தை மேல், கட்டையில் கால் வைத்து. அரைமணி நெருங்கிப் போய், “கொஞ்சம் சூடு ஏத்திக்கங்க, உள்ள இருக்கற கரி வெளிய போகட்டும்” என்றார். அவள் மிதியை அழுத்தினாள். முதலில் ஒரு கரும்புகை, கக்குவான் இருமல் மாதிரி. அடுத்ததில் பாதி. அதற்கடுத்ததில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. அதிகாரி குழாயைச் செருகினார். “முழுசா அழுத்துங்க.” பெரியவர் அலறினார். இருபத்திரண்டு வயதில் அப்படி ஒரு தொண்டை அவருக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

தம்பி திரையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தான். அந்த உறையை நாலாக மடித்து, எட்டாக மடித்து, இனி மடிக்க முடியாது என்றாகும்வரை மடித்துக்கொண்டிருந்தான்.

“இருபத்தொன்பது” என்றார் அதிகாரி. குழாயை உருவித் திருப்பிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை செருகினார். “இருபத்தெட்டு. என்ன மாத்தினீங்க?”

“சட்டையக் கழட்டினோம்” என்றார் அரைமணி.

பெட்டிபோல இருந்த சின்ன இயந்திரத்திலிருந்து வழுவழுவென்று ஒரு சீட்டு வந்தது. கடைகளில் பில் கொடுப்பார்களே, அந்த மாதிரிக் காகிதம். பைலட் அதை உள்ளங்கையில் வைத்து ஸ்டியரிங்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். மேட்டின் மறுபக்கத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறினார் பெரியவர். முதியோர் இல்லத்தில் நேரம் தாண்டியும் கிழவர்கள் காத்திருந்தார்கள். ஒரே திருப்பு. கைதட்டினார்கள். இவள் இறங்கிவந்து சீட்டைத் தூக்கிக் காட்டினாள். அது வேர்வையில் நனைந்து, கசங்கி, துவைக்காத கைக்குட்டை மாதிரி இருந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் என் தம்பி இருக்கிறானே.

வீட்டுக்கு வந்ததும் பைலட் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனாள். நான் எண் தைத்துக்கொண்டிருந்தேன். செய்த தப்புக்கு அவளுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று அவன் மனசு அடித்துக்கொண்டிருக்கும்போல. கசங்கிக் கிடந்த சீட்டை எடுத்தான். தேய்ப்பு மேசையில் வைத்தான். மேலே மெல்லிய துணி ஒன்றைப் போட்டான், பட்டுச் சேலைக்குப் போடுகிற மாதிரி. இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் குறைத்தான். ஒரே ஓர் இழுப்பு.

துணியை எடுத்தான். அப்படியே நின்றுவிட்டான்.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். சீட்டு ஒரு மடிப்புக்கூட இல்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் முழுக்கக் கறுப்பு. எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. அந்தக் காகிதத்துக்குச் சூடு காட்டக் கூடாதாம், எங்களுக்கு யார் சொன்னார்கள்? மூன்று தடவை பெரியவர் விட்ட கரியெல்லாம் வந்து அதில் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

பைலட் முகம் துடைத்துக்கொண்டே வந்தாள். மேசையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அது சீட்டைவிடக் கறுத்திருந்தது. இப்போது கோபம் வந்துவிடும் என்று நினைத்தேன்.

அவள் சீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். “பெரியவர் பாஸ்” என்றாள். “நீங்கதான் ஃபெயில்.” சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கடிதம் வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் கேட்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, துணி மூட்டைமேல் விழுந்து சிரித்தாள். அவனும் கொஞ்ச நேரம் பொறுத்துச் சிரித்தான், எதற்கு என்று முழுசாகப் புரியாமல், அவள் சிரிக்கிறாளே என்பதற்காக.

மறுநாள் அதிகாரியிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் காது மூடியைக் கழற்றிவிட்டு இரண்டு தடவை கேட்டாராம். பிறகு கணினியில் தேடி, சீட்டு இரண்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார். “ஒண்ணு வண்டியில வைங்க. இன்னொண்ண உங்க வீட்டுக்காரர் கைக்கு எட்டாத இடத்துல வைங்க.”

சாயங்காலம் தம்பி நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அக்கா, ஒரு சின்ன உறை வேணும். ஆறுக்கு நாலு. இந்தச் சீட்டு வைக்கிற மாதிரி. எழுத்து தெரியணும், முன்னாடி ஜன்னல் மாதிரி வெட்டி விடு.”

இந்தத் தடவை எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன். எடுத்துவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தேன்.

“கஞ்சி போடுவியா?”

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

“லேசா” என்றான்.